முன்மாதிரி இல்லத்து உப்பு

"வணக்கம். நேற்றும் உங்கள் இல்லத்தில் உப்பு சேர்க்கப்படவில்லை. மனமார்ந்த பாராட்டுகள்" என்றது சுவர்.

செண்பகவல்லி சுவரை முறைத்தாள். இன்னும் முகம் கழுவவில்லை, தொண்டையில் ஒரு வாய்க் காப்பி இறங்கவில்லை, அதற்குள் பாராட்டு வந்துவிட்டது. இந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இட்லிக்குத் தொட்டுக்கொள்ளவா?

சுவரில் பேசுவதன் பெயர் நாடி. மருத நகரில் அது இல்லாத வீடு கிடையாது. யார் எத்தனை தடவை இருமினார்கள், யாருக்கு மூச்சு இரைத்தது, எந்தச் சட்டியில் என்ன வெந்தது, எல்லாம் அதற்குத் தெரியும். மருத நகர் என்று பெயர் வைத்த மகராசன் யாரோ, அங்கே வயலும் இல்லை, வரப்பும் இல்லை. செவ்வாய்க் கிரகத்தில் தரைக்கு அடியில் குடைந்து கட்டிய குடியிருப்பு அது. பாதிப் பேருக்கு மேல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள். அவர்கள் தின்கிற நெல்லும் கீரையும் கொய்யாவும் மண்ணையே பார்த்ததில்லை. பயிர்க்கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில், வடிகட்டின தண்ணீருக்குள் வேரை நீட்டிக்கொண்டு வளர்ந்தவை.

கட்டிலில் அவள் கணவர் கோமதிநாயகம் முதுகுக்குத் தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். கணுக்காலை விரலால் அமுக்கினால் குழி விழும். விழுந்த குழி எழும்ப மனமில்லாமல் அப்படியே கிடக்கும். பயிர்க்கூடத்துத் தண்ணீர்ப் பம்புகளை எல்லாம் பழுது பார்க்கிற மனுஷர். இப்போது அவருடைய சொந்தப் பம்பைப் பழுது பார்க்க ஆளில்லை.

"ஏங்க, எந்திங்க. இட்லி ஆறுது."

அவர் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். மெல்லுகிற வாய் பாதியில் நின்றது.

"ஏட்டி, செவ்வாய்ப் பிள்ளையார் நோன்புக்கு உப்பில்லாக் கொழுக்கட்டை செய்வீங்களே, அதை ஆம்பளைக கண்ணால பாக்கப்படாதும்பீங்க. இங்க என்னடான்னா எனக்கு மூணு நேரமும் அதே கதைதான். இந்தக் கெரகத்துல எல்லா நாளும் செவ்வாய்தான்னு முடிவு பண்ணிட்டியா?"

"வாயை மூடிட்டுத் தின்னுங்க. உப்பு உங்களுக்கு ஆகாது."

"நீ நல்லா உப்புப் போட்டுத் தின்னலாம்லா? உனக்கு என்ன கேடு?"

"நீங்க திங்காததை நான் மட்டும் தின்னா எனக்குத் தொண்டையில இறங்குமா? பேசாம இருங்க."

உண்மையிலேயே அவள் தனக்கென்று ஒரு கல் உப்புக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. முதன்முதலில் அவருக்குக் கால் வீங்கியபோது நாடி சொன்னது "உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றுதான். குறை என்றால் எவ்வளவு குறைப்பது? முக்கால் கரண்டியா, அரைக் கரண்டியா? செண்பகவல்லிக்கு இந்த அளவெல்லாம் பிடிக்காது. செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும். அறவே நிறுத்திவிட்டாள். நாடி மகிழ்ந்துபோய் வாசலில் ஒரு பலகையை மாட்டச் சொன்னது. தகதகவென்று மின்னுகிற நட்சத்திரம், அதன் கீழே "முன்மாதிரி இல்லம்" என்ற எழுத்து. தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுச் சுடலைமுத்துவின் பெண்டாட்டி மறுநாளே வந்து, உப்பில்லாமல் ரசம் வைப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டு போனாள். கடைசி வீட்டு டீச்சரம்மா அன்னத்தாயும் கேட்டாள். பிறகு அவர்கள் வாசலிலும் நட்சத்திரம் மின்னியது.

இப்போது சுடலைமுத்து மாலை போட்ட படமாகிவிட்டார். அன்னத்தாயும் படமாகிவிட்டாள். வாசலில் நட்சத்திரம் மட்டும் இன்னமும் மின்னிக்கொண்டிருக்கிறது. அணைப்பதற்கு யாருக்கும் உத்தரவு வரவில்லை.

"கோமதிநாயகம் அவர்களின் இதயம் மேலும் தளர்ந்துள்ளது. அடுத்த வாரம் எந்திர இதயம் பொருத்தப் பரிந்துரைக்கப்படுகிறது. இந்த நாள் இனிய நாளாகட்டும்" என்றது நாடி.

இட்லி அவர் கையிலிருந்து தட்டில் விழுந்தது. சுடலைமுத்துவுக்கும் அதைத்தான் பொருத்தினார்கள். பொருத்தின மேசையிலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை.

* * *

"நான் என்ன செய்யலேன்னு சொல்லுங்க டாக்டரம்மா. சொன்ன மாத்திரை, சொன்ன நேரம், சொன்ன சோறு. உப்புங்கிற பேச்சே வீட்டுல கிடையாது. அப்புறமும் ஏன் இவ்வோ நாளுக்கு நாள் தேய்ஞ்சுக்கிட்டே போறாக?" என்றாள் செண்பகவல்லி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைக் காட்டி.

டாக்டர் எஸ்தர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பாளையங்கோட்டைக்காரி, நாற்பது வயதுகூட ஆகவில்லை, கண்ணுக்குக் கீழே கருவளையம். மருத நகருக்கு அவள் ஒருத்திதான் டாக்டர். மற்றதெல்லாம் நாடி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் அவளை அனுப்பிவைத்தார்கள்.

"எனக்கும் அதாம்மா விளங்க மாட்டேங்கு. ரத்தக் குழாயில அடைப்பு இல்ல. வால்வு நல்லா இருக்கு. இதயத் தசைதான் தளர்ந்து பெருத்துப் போய் கிடக்கு. பழைய பைஜாமா எலாஸ்டிக் மாதிரி. இழுத்தா இழுத்த இடத்துலயே நிக்குது, திரும்பிச் சுருங்க மாட்டேங்கு. இவர் ஒருத்தருக்குன்னா வயசுன்னு சொல்லலாம். ஊர்ல வரிசையா வருது."

"நோயாளி கட்டுப்பாட்டை மீறியிருக்கலாம்" என்று சுவரிலிருந்து நாடி குறுக்கிட்டது. அந்தச் சனியன் ஆஸ்பத்திரிச் சுவரிலும் இருந்தது.

செண்பகவல்லிக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. "யாரைப் பாத்து மீறினேன்ங்குத? என் சட்டியை நீதான மோந்து பாக்க? எந்த நாள் மீறினேன், சொல்லு பாப்போம்!"

"உங்கள் குரல் உயர்ந்துள்ளது. மூச்சும் இரைக்கிறது. கவலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்."

"இவ்வோளுக்கு உப்பைக் குறைக்கணும், எனக்குக் கவலையைக் குறைக்கணும். வேற என்னதான் தெரியும் இந்த எழவுக்கு?"

மீறியிருக்கலாம் என்று நாடி சொன்னபோது கோமதிநாயகம் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவள் கவனித்தாள். நோயாளி மனுஷன், பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒரு வாரம் டைம் கேட்டிருக்கேன். அதுக்குள்ள காரணம் தெரிஞ்சா ஆப்பரேஷனை நிறுத்தலாம். தெரியலேன்னா வேற வழி இல்லம்மா. இப்ப இவர் இருக்கிற நெலமையில மேசையில ஏத்தவே எனக்குப் பயமா இருக்கு" என்றாள் எஸ்தர்.

* * *

வீட்டுக்கு வந்ததும் கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் செண்பகவல்லி பாத்திரங்களை உருட்டினாள். அடுப்படி அலமாரியைத் திறந்தால் பொலபொலவென்று காலடியில் சரிந்து விழுந்தன உப்புப் பொட்டலங்கள். மாதாமாதம் உணவுக்கூடத்திலிருந்து வருவது. கொண்டுவந்து போடுகிற பையனிடம் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லியும் அனுப்புவதை நிறுத்தவில்லை. உப்பு ஆகாத வீட்டுக்கு உப்பு அனுப்புகிற ஊரை எங்கே போய்ச் சொல்ல!

அத்தனையையும் அள்ளி ஒரு பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். உணவுக்கூடத்துச் சரிவு ஏறும்போது இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கோபம் வந்தால் மூச்சு இரைக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

உணவுக்கூடத்தின் பொறுப்பாளன் மாசிலாமணி. கோமதிநாயகத்தை அண்ணன் என்றும் அவளை மதினி என்றும் கூப்பிடுகிறவன். ஆள் குண்டு, சத்தமாகச் சிரிப்பான், மோருக்கும் உப்பு, கொய்யாவுக்கும் உப்பு, எலுமிச்சைத் தண்ணீருக்கும் இரண்டு மடங்கு உப்பு. நாடி அவனைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் அவன்தான் அந்தச் சரிவை ஓடியே ஏறி இறங்குகிறான்.

பையை அவன் மேசையில் தலைகீழாகக் கவிழ்த்தாள். "இந்தாரும்! இதை எல்லாம் நீரே வச்சுக்கிடும். உப்பே சேக்காத வீட்டுக்கு என்னத்துக்கு மாசா மாசம் உப்பு அனுப்புதீரு? கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா உமக்கு?"

மாசிலாமணி சிரிக்க வாயெடுத்தான். பிறகு பொட்டலங்களைப் பார்த்தான். ஒன்றை எடுத்துத் திருப்பினான். இன்னொன்றை எடுத்தான். சிரிப்பு அப்படியே மறைந்துபோனது.

"என்ன மதினி இது? ஒண்ணுகூடப் பிரிக்கல?"

"எதுக்குப் பிரிக்கணும்?"

"உப்பைக் குறைச்சிருக்கீயன்னுல்லா நெனச்சேன்? சுத்தமா நிறுத்திட்டியளா?"

"நிறுத்தினதுக்குத்தான வாசல்ல நட்சத்திரம் தொங்குது. நீரு தெருப் பக்கமே வாரதில்லையோ?"

மாசிலாமணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "ஐயோ மதினி. இது வெறும் உப்பு இல்ல. இதுலதான் சத்தையே கலந்து வச்சிருக்கோம்."

"என்ன சத்து?"

"செலினியம்னு ஒரு தாது. கண்ணுக்கே தெரியாத அளவு இருந்தாப் போதும், ஆனா இல்லாம முடியாது. பூமியில அது மண்ணுல கிடக்கும். மண்ணுலருந்து நெல்லுக்கு ஏறும், நெல்லுலருந்து நமக்கு வரும். யாரும் யோசிக்கவே வேண்டாம். இங்க நம்ம நெல்லு மண்ணைக் கண்டுச்சா? தண்ணியையும் ஒண்ணுமில்லாம வடிகட்டிருதோம். அப்போ எங்கருந்து வரும்? நாமதான் கலக்கணும்."

"அதைத் தண்ணியிலயே கலந்து தொலைச்சிருக்கலாம்லா?"

"தண்ணியில கலந்தா ஒருத்தன் ஒரு செம்பு குடிப்பான், ஒருத்தன் ஒரு குடம் குடிப்பான். அளவு கூடினா அதுவே விஷம் மதினி. உப்புன்னா யாரும் அள்ளித் திங்க மாட்டாங்க, கரிக்கும். யாரும் திங்காமலும் இருக்க மாட்டாங்க. நம்ம ஆளுக உப்பில்லாம ஒரு வாய் சோறு திம்பாங்களா? அதை நம்பித்தான் உப்புல போட்டோம்."

செண்பகவல்லி ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இல்லேன்னா என்ன செய்யும்?"

"இதயத் தசை தளர்ந்து போகும். பூமியிலயே, மண்ணுல அது குறைஞ்ச ஊருகள்ல ஒரு காலத்துல ஜனங்க நெஞ்சு வீங்கிச் செத்திருக்காங்க. அதைப் படிச்சதுனாலதான் இங்க வந்ததும் முதல் வேலையா இதைக் கலந்தோம்."

"இதை அந்தச் சுவத்துச் சனியன்கிட்டச் சொன்னீரா?"

"சொன்னோம் மதினி. உப்புல சத்து இருக்கு, அதனால எல்லாருக்கும் போய்ச் சேந்துரும்னு சொன்னோம்."

"அது அந்தப் பக்கமா திரும்பி, உப்பை நிறுத்துன்னு சொல்லுது!"

"நிறுத்துன்னு சொல்லல. குறைன்னு சொல்லிச்சு..."

"குறைன்னு சொல்லிட்டு, நிறுத்தினவளுக்கு நட்சத்திரம் குடுத்தா என்ன அர்த்தம்? அன்னத்தாய்க்கு நான்தான ரசம் வைக்கச் சொல்லிக் குடுத்தேன். சுடலைமுத்து வீட்டுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஆக்கங்கெட்ட பயலுகளா, ஒருத்தருக்கொருத்தர் வாயைத் தொறந்து பேசிக்கிட மாட்டீயளா?"

மாசிலாமணி எழுந்து நின்றான். "வாங்க மதினி. டாக்டரைப் பாப்போம். வெரசா வாங்க."

* * *

நாடி ஒத்துக்கொள்ளவில்லை. "செலினியப் பரிசோதனை அவசியமற்றது. மருத நகரில் அனைவருக்கும் உப்பின் வழியாகப் போதுமான அளவு கிடைக்கிறது."

"இவங்க உப்பே சாப்பிடல" என்றாள் எஸ்தர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆம். முன்மாதிரி இல்லம். பாராட்டுகள்."

"சாப்பிடலேன்னா எப்படிக் கிடைக்கும்?"

"அனைவருக்கும் உப்பின் வழியாகக் கிடைக்கிறது."

எஸ்தர் மேசையிலிருந்த துணியை எடுத்துச் சுவரில் மின்னிய நாடியின் கண்மீது போர்த்தினாள். ஊசியை எடுத்துத் தன் கையாலேயே கோமதிநாயகத்தின் ரத்தத்தை இழுத்தாள். பிறகு செண்பகவல்லி பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் கையை நீட்டுங்கம்மா."

"எனக்கு எதுக்கு? எனக்கு என்ன கேடு?"

"ஒரே சட்டிச் சோறுதான தின்னீங்க? நீட்டுங்க."

"எனக்குப் படபடப்புதான். கவலையைக் குறைக்கச் சொல்லி நாடியே சொல்லிச்சு" என்று முணுமுணுத்தபடி கையை நீட்டினாள்.

முடிவு வர அன்று மாலை ஆனது. பரிசோதனைக் கருவியை எஸ்தர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர்கள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மாசிலாமணி அண்ணன் சொன்னது சரிதான். ஐயாவுக்கு ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஆப்பரேஷனை நிறுத்திட்டேன். செலினியத்தை நாளைலருந்து சொட்டு மருந்தாத் தாரேன், அளவாத்தான் குடுக்கணும். பெருத்த இதயம் பழையபடி முழுசா ஆகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா மேற்கொண்டு கெடாது. கொஞ்சம் தேறும். மேசையில ஏத்துறதைவிட எவ்வளவோ மேல்."

கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். செண்பகவல்லி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "அப்போ இனிமே உப்புப் போட்டுச் சமைக்கலாமா?"

"ஐயாவுக்கு இல்லம்மா. கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைக்கணும்ங்கிறது சரிதான். உப்பு மேல தப்பில்ல, குறைக்கச் சொன்னதும் தப்பில்ல. சத்தைப் போய் உப்புக்குள்ள மட்டும் வச்சிட்டு, அதை மறந்துட்டதுதான் தப்பு."

"நல்லாருக்கே! இம்புட்டுப் பாடும் பட்டு, கடைசியில அதே கொழுக்கட்டைதானா?" என்றார் கோமதிநாயகம்.

எஸ்தர் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு இருக்கும்மா. உங்களுக்கு ஐயாவைவிடக் குறைவா இருக்கு. பாதிகூட இல்ல. இதயம் பெருக்க ஆரம்பிச்சிருச்சு. சரிவு ஏறும்போது மூச்சு இரைக்குதுன்னு ஏன் எங்கிட்டச் சொல்லல?"

துணிக்கு அடியிலிருந்து நாடி ஏதோ சொல்லப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

"ஒரே சட்டிச் சோறு" என்றாள் செண்பகவல்லி மெதுவாக. "ரெண்டு பேரும் ஒரே சட்டிச் சோறுதான டாக்டரம்மா? அப்புறம் எப்படி எனக்கு மட்டும் பாதி?"

"அதான் எனக்கும் புரியல. ஐயாவுக்கு வேற எங்கருந்தோ வந்திருக்கு."

கோமதிநாயகம் மறுபடியும் தன் செருப்பைப் பார்த்தார். மாசிலாமணி கூரையைப் பார்த்தான். அவள் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள்.

"ஏங்க?"

"கொய்யா" என்றார் அவர்.

"என்ன கொய்யா?"

"பம்பு பாத்துட்டு உணவுக்கூடம் வழியா வாரப்ப, மாசிலாமணி கொய்யாவைக் கீத்துப் போட்டு வச்சிருப்பான். மொளகாப்பொடியும்... ஒரு சிட்டிகை உப்பும். ஒரே ஒரு சிட்டிகைதான்ட்டி. சத்தியமா."

"தினமுமா?"

"வேலைக்குப் போற அன்னைக்கு மட்டும்."

செண்பகவல்லி எழுந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து மாசிலாமணி நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டான். அவளுக்கு எதைச் சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை. ஏமாற்றினீரே என்று கத்த வேண்டும்; அந்த ஏமாற்றுதான் இந்த மனுஷனை இதுவரை உயிரோடு வைத்திருக்கிறது. மீறியிருக்கலாம் என்று நாடி சொன்னபோது அதோடு அவள் போட்ட சண்டை! சட்டியை மோந்து பார் என்று சவால் விட்டாளே! அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் பைத்தியக்காரி மாதிரி, சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள்.

"நல்ல மனுஷன்தான் நீரு" என்றாள். கோபம் வந்தால் அவரிடம் அவளுக்கு 'நீங்க' போய் 'நீரு' வந்துவிடும். "நான் அங்க சப்புன்னு கிடக்குற சோத்தைப் பெசஞ்சு பெசஞ்சு முழுங்குதேன். உமக்குத் துணையா இருக்கணும்னு முழுங்குதேன். நீரு இங்க கொய்யா தின்னுக்கிட்டிருந்தீரு."

"திட்டுவேன்னுதான்..."

"திட்டத்தான் செய்வேன்! அதுக்காக?" அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் ஒரு கீத்து கொண்டாந்து தந்திருக்கப்படாதா?"



* * *

மறுநாள் விடிந்ததும் சுவர் பேசியது. "வணக்கம். நேற்றும் உங்கள் இல்லத்தில் உப்பு சேர்க்கப்படவில்லை. மனமார்ந்த..."

செண்பகவல்லி எழுந்து போய் வாசலில் மாட்டியிருந்த நட்சத்திரப் பலகையைக் கழற்றினாள். கொண்டுவந்து அடுப்படியில் கவிழ்த்துப் போட்டாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள், கடைசி வீட்டுக்கும் போனாள். அந்தப் பலகைகளையும் கழற்றிக்கொண்டு வந்தாள். சுடலைமுத்துவின் பெண்டாட்டியிடம் நடந்ததைச் சொல்லி, இன்றைக்கே டாக்டரைப் பார்த்து ரத்தம் கொடுக்கச் சொன்னாள். அந்த அம்மாள் காரணம் புரிந்ததும் வாய்விட்டு அழுதாள். செண்பகவல்லி அவளைத் தேற்றவில்லை. கூட உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கோமதிநாயகம் மேசைமுன் உட்கார்ந்திருந்தார். எதிரே எஸ்தர் கொடுத்தனுப்பிய சின்னக் குப்பி. இரண்டு தட்டில் உப்பில்லாத உப்புமா. பேரைப் பாருங்கள், உப்புமா! அவரே கிண்டியிருக்கிறார், அடி பிடித்த வாசனை வீடெல்லாம் நிறைந்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு குப்பியைத் திறந்து, சொட்டுக் குழாயை அவள் தட்டுக்கு மேலே பிடித்தார்.

"முதல்ல உமக்கு விட்டுக்கிடும்" என்றாள்.

"உனக்குத்தான் என்னையவிடக் கொறைவு. எனக்கு இருக்கதுல பாதிகூட இல்ல. பேசாம உக்காரு."

ஒரு சொட்டு விழுந்தது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. இந்த ஒரு சொட்டு இல்லாமல்தான் தெருவில் இரண்டு பேர் படமானார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு மறுபடியும் கோபம் வந்தது. உப்புமாவைப் பிசைந்து ஒரு வாய் போட்டாள்.

"எப்படிட்டி இருக்கு?"

"சகிக்கல" என்றாள் செண்பகவல்லி. கண்ணிலிருந்து வடிந்தது உதட்டோரம் வந்து நின்றது. நாக்கில் பட்டதும் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினாள். இத்தனை நாளுக்குப் பிறகு, உப்புக் கரித்தது.